கூரியர் படுத்த ஆடிக் கிருத்திகை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தலைமுடி என்றால் உயிர். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி ஓட்டுகிற பாவாவின் சட்டைப் பையில் பேனா இருக்காது, போன் இருக்காது, சீப்பு மட்டும் இருக்கும். நாள் முழுக்கப் பஞ்சு பறக்கிற வீட்டில் அந்தத் தலை மட்டும் எப்படி அப்படிப் பளபளக்கிறது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் ஒருமுறையாவது திருத்தணியில் மொட்டை போட்டவர்கள். பாவா மட்டும், "முருகன்கிட்ட சொல்லிட்டம்மா. வேற எதுனா கேளு, குடுக்கறேன், முடிய மட்டும் கேக்காதன்னு," என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் அந்த ஆடியில் நான் வம்பில் மாட்டிவிட்டேன்.

நான் திருத்தணியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் லுங்கியும் துண்டும் விற்கிறவள். பாவா நெய்வதைத்தான் பெரும்பாலும் விற்பேன். அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. "லுங்கிய கொஞ்ச நாள் நிறுத்துங்க பாவா. காவடிக்காரங்களுக்கு மஞ்சள் வேட்டியும் துண்டும் போடுங்க. மொத்தத்தையும் நான் வித்துக் குடுக்கறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் மொட்டை போட்டு, மலையடிவாரத்துக் குளத்தில் முழுகி, மஞ்சள் கட்டிக்கொண்டு படி ஏறுவார்கள். கிருத்திகை முடிந்துவிட்டால் அந்தத் துணியை யாரும் சீண்டமாட்டார்கள். அடுத்த ஆடிவரை மூட்டையாகக் கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். பாவாவின் தெருவில், "கொழுந்தியா பேச்சைக் கேட்டு தறிக்கு மஞ்சள் பூசறியா?" என்று கிண்டல் செய்தார்களாம். அவர் சீப்பை எடுத்து ஒரு வாரு வாரிவிட்டுச் சிரித்தாராம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆன்லைன் கடை என்றதும் நான் கம்ப்யூட்டரில் புலி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தது படம் எடுத்துப் போடுவதும் துணியை மடித்துக் கட்டுவதும்தான். மற்றதெல்லாம் வாடகை மூளை. அதில் ஒன்று கூரியர் கட்டணம் சொல்கிற சேவை. வாங்குகிறவர் பின்கோடு போட்டதும் என் கடை அந்தச் சேவையைக் கேட்கும். அது எடையையும் தூரத்தையும் பார்த்துத் தொகை சொன்னால்தான் பணம் கட்டுகிற பக்கமே திறக்கும். பார்சலில் ஒட்டுகிற சீட்டும், எடுத்துப்போக வருகிற வண்டியும்கூட அதன் வழியாகத்தான். அதன் பூகோள அறிவு தனி. இங்கிருந்து பஸ் ஏறி நகரிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஆனால் அந்தச் சேவைக்கு நகரி ஆந்திரா, வேறு மாநிலம். தூத்துக்குடிக்குக் கேட்பதைவிட நகரிக்கு அதிகம் கேட்கும்.

கிருத்திகைக்கு முந்தைய வாரம், ஆர்டர்கள் சூடுபிடிக்க வேண்டிய நேரத்தில், ஒருநாள் காலை அது படுத்துவிட்டது. வாங்க வந்தவர்கள் வேட்டியை எடுத்தார்கள், துண்டை எடுத்தார்கள், பின்கோடு போட்டார்கள். 'உங்கள் முகவரிக்கு அனுப்பும் வசதி இல்லை' என்று என் கடை எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவைத்தது. சேவைக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினேன். 'சரிசெய்துகொண்டிருக்கிறோம். உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்தது. எனக்குப் பொறுமை இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறார். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிக்னல் வேலை செய்யலைன்னா நாங்க ரயிலயே நிறுத்திடறமா? கையில சீட்டு எழுதிக் குடுத்து மெதுவா அனுப்புவோம். உன் கடையில அந்த மாதிரி எதுவும் கெடையாதா?" என்றார்.

"இருந்தா நான் ஏன் இங்க உக்காந்துகினு இருக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

இருந்தது. சேவை படுத்தால் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு கட்டணத்தை நாமே எழுதி வைத்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டது அப்புறம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், அனுப்பும் முறைகள் இருக்கிற பக்கத்தைத் திறந்து, அந்தச் சேவையின் பெயருக்கு நேரே இருந்த பொத்தானைப் பட்டென்று அணைத்தேன். அப்படி அணைத்தபோது என் கடையில் மிச்சம் இருந்த ஒரே வழி 'நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்பதுதான். எப்போதோ எதிர்வீட்டுக்காரர்களுக்காக வைத்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

கையோடு அக்கா போனுக்கு அடித்துப் பாவாவைக் கூப்பிட்டேன். "தறிய நிறுத்திடுங்க பாவா. கூரியர் படுத்துடுச்சு. நான்தான் உங்கள மாட்டி வுட்டுட்டேன்," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? துணி நல்லாத்தானே கீது?"

"துணி நல்லா இருந்து இன்னா பண்றது பாவா? போய்ச் சேர வேணாமா?"

தறிச் சத்தத்துக்கு நடுவே 'முருகா' என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு, "ஒண்ணும் ஆவாது. நான் ஓட்டிகினே இருக்கறேன். நீ போன வையி," என்றார்.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஒரு ஆர்டர் விழுந்திருந்தது. ஒரு வேட்டி, ஒரு துண்டு. எங்கிருந்து என்று பார்த்தேன். பொதட்டூர்பேட்டை. அக்காவின் போனிலிருந்து. எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். தறியிலிருந்து கைநீட்டி எடுக்க வேண்டிய துணியை என் கடையில் காசு கொடுத்து வாங்குகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஆர்டர் ஆர்டர்தான் என்று ஒரு பொட்டலம் கட்டி ஓரமாக வைத்தேன்.

அடுத்தது பெங்களூரிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் சித்தூர், புனே, ஓசூர் என்று வரிசையாக வரத் தொடங்கியது. நானே அதை அணைத்ததை மறந்து, சேவைக்கு உயிர் வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் 'நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்றே இருந்தது. புனேவிலிருந்து ஒருவர் என் வீட்டு வாசலுக்கு வந்து வேட்டி வாங்குவாரா? வேறு வழியில்லாமல் எதையோ அழுத்திவிட்டார்கள், நாளைக்கு எல்லாரும் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, முதலில் பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எதுக்கும்மா மன்னிப்பு? கிருத்திகைக்கு நாங்க திருத்தணிக்கு வராம எங்க போவோம்? போன வருஷம் இப்படித்தான் முன்னாடியே வாங்கி பீரோல வெச்சேன். மொட்டை போட்டு, முழுகி, ஈரத்தோட குளத்தங்கரையில நிக்கும்போதுதான் துணி பீரோலயே இருக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு. நீங்க அங்கயே குடுத்தா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இந்த ஊருக்கு வரப்போகிறவர்களுக்கான துணியை இந்த ஊரிலிருந்து அவர்கள் ஊருக்கு அனுப்பி, அதை அவர்கள் திரும்ப இங்கே சுமந்துகொண்டு வருவதற்கு ஒரு சேவையை நம்பிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உடனே கடையின் முகப்பில் பெரிதாக எழுதினேன்: 'இந்தத் துணி உங்கள் வீட்டுக்கு வராது. நீங்கள் முழுகி எழும்போது குளத்துத் தெருவில் காத்திருக்கும்.' அப்புறம் ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து அந்தச் சேவை எழுந்து உட்கார்ந்தது. அதைத் திருவிழா முடியும்வரை அணைத்தே வைத்திருந்தேன்.

இத்தோடு நின்றிருந்தால் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கலாம். பொட்டலம் ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்று, வாங்கிய எல்லாரிடமும் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்த போட்டோக்களை அச்செடுத்து ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டினேன். என் ஏற்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

கிருத்திகையன்று குளத்துத் தெருவில் என் தோழியின் தையல் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். உதவிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த பாவாவைக் காணவில்லை. தெரு முழுக்க அரோகரா சத்தம், பம்பைச் சத்தம், பூக்காவடிகள். முதல் ஆள் வந்தார். மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், மீசையும் இல்லை. இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவதும். நான் போட்டோவைப் பார்க்கிறேன், சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒருவர் சிரிக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே சொட்டச் சொட்ட அத்தனை பேரும் ஒரே மாதிரி நிற்கிறார்கள்.

"திருத்தணியில பொறந்தவ பண்ற வேலையாடி இது?" என்று என் தோழி தையல் மிஷின் மேல் சாய்ந்து சிரித்தாள். போனில் ஆர்டர் எண்ணைப் பார்க்கலாம் என்றால், கூட்டத்தில் நெட்வொர்க்கும் படுத்துவிட்டது.

வேறு வழியில்லை. மேசைமேல் ஏறி நின்று, பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "ஓசூர்! ஓசூர் யாருங்க?" "மாதி சித்தூரு அம்மா," என்று தன் ஊரைத் தெலுங்கில் சொல்லிப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. போட்டோக்களை வீட்டுப் பெண்கள் வாங்கிப் பார்த்து, மூக்கையும் காதையும் வைத்து அடையாளம் சொன்னார்கள். புனேக்காரரின் மனைவி போட்டோவையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவரேதான் போலக் கீது, குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போனார். துணியை மறந்துவிட்டு வந்த எத்தனையோ பேர் அங்கேயே கேட்டு வாங்கினார்கள். மூட்டை எல்லாம் காலியானது. பாவாவிடம் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது என்று நினைத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைச் சொல்லிக் குதிக்கத்தான் அவர் பக்கத்தில் இல்லை.

மேசையில் போட்டோ இல்லாத ஒரே ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. அக்கா ஆர்டர் போட்டது. அதைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று குனிந்தேன்.

"எனக்கு ஒரு பொட்டலம் வரணுங்க," என்றது ஒரு குரல். நிமிராமலே, "எந்த ஊருங்க?" என்றேன்.

"பொதட்டூர்பேட்டைங்க."

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பாவா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா பாவா இது!"

"நீ அன்னிக்கு அழுதியே, அப்பவே வேண்டிகினேன். வேண்டிகினா துணி வாங்க வேணாமா? அக்கா போன்ல போட்டுட்டேன்."

"தறியிலருந்து ஒண்ணு எடுத்துகினா ஆவாதா?"

"அது நீ விக்கறதுக்கு நெய்ஞ்சதும்மா," என்றார்.

துணி விற்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லாதபோது என் கடையில் விழுந்த முதல் ஆர்டர் அது. அந்தத் தெருவில் அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே பொட்டலத்தைப் பிரித்து மஞ்சள் துண்டை அவர் தோளில் போட்டேன். பாவா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே, பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். அங்கே ஈர மார்பில் சந்தனம்தான் இருந்தது.