எட்டாம் நாள் பாண்

ஏலியாகு முதலாளியின் கோபத்தைப் பற்றி மஸ்கெலியாவில் நிறையக் கதைகள் உண்டு. பாதி நான் கட்டியவை. அவர் கோபத்தோடு மாவைக் குத்தினால் ஈஸ்ட் போடாமலே பாண் பொங்கும் என்பது என்னுடையது. அவர் போட்ட சத்தத்தில் ஹட்டன் பஸ் அரைக் கட்டை தூரம் பின்னால் போனது என்பதும் என்னுடையதுதான். ஆனால் இங்கே எழுதப்போவது, அவரே தம் கடைப் பலகையில் கையூன்றிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னது. நான் அப்போது அந்த ஊர்ப் பாடசாலையில் வாத்திச்சி. பாண் வாங்கப் போனால் பாணுக்கு முன்னால் கதை வரும்.

அவர் யூதர். அப்படியென்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தொப்பி போட்டதால் சிலர் பாய் என்றார்கள். மோசேயின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்ததால் சிலர் வேதக்காரர் என்றார்கள். வெள்ளி பொழுது சாய்ந்தால் கடையை அடைத்துச் சனிக்கிழமை முழுக்க நெருப்பே மூட்டாததால், சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டவர் என்று அழகுமுத்து தீர்ப்புச் சொன்னான். அழகுமுத்து அவர் கடையில் மாவு பிசைகிறவன், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்.

ஏலியாகுவின் தகப்பனார் மலையாளத்துப் பறவூரிலிருந்து துரைமாருக்குப் பாண் சுட வந்தவர். மகன் பிறந்தது மஸ்கெலியாவில், பாண் சுடும் போறணைக்குப் பின்னால் இருந்த அறையில். மேற்குப் பார்த்த சுவரில் தகப்பனார் கரியால் ஒரு கோடு போட்டிருந்தார். எருசலேம் அந்தப் பக்கம். தகப்பனும் மகனும் நாள் தவறாமல் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றுதான் செபம் சொல்வார்கள்.

ஊரின் கோபம் வருஷத்துக்கு ஒருமுறை வரும். பங்குனி, சித்திரையில் அவர்களுக்கு ஒரு பண்டிகை. எகிப்து அரசனிடமிருந்து அவர்களுடைய முன்னோர் தப்பி ஓடியபோது மாவு புளிக்கக்கூட நேரம் இருக்கவில்லையாம். அதனால் எட்டு நாள் புளித்த மாவைத் தொடக்கூடாது, தம்முடையதென்று வைத்திருக்கவும் கூடாது. பாண் கடைக்காரருக்கு இப்படி ஒரு சாமி வாய்த்தது எங்கள் தலையெழுத்து. வருஷப் பிறப்புக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது போறணை சில்லிட்டுக் கிடக்கும்.

கடையிலிருக்கும் மாவையெல்லாம் அவர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மீராசாஹிபுக்கு ஒரு ரூபாய்க்கு விற்றுச் சாவியையும் கொடுத்துவிடுவார். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

"இந்த வருஷம் திருப்பித் தர்றதா இல்ல மொதலாளி" என்பார் மீராசாஹிப்.

"தராட்டிப் போங்க பாய். உங்க மாவு, உங்க இஷ்டம். வித்தா வித்ததுதான்."

நாற்பத்தெட்டில் நாடு சுதந்திரம் வாங்கியது. வாங்கிய கையோடு எங்களைக் கணக்கிலிருந்து அடித்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமை இல்லை. இந்த மலையைக் காடழித்துத் தேயிலையாக்கியவர்கள் ஒரே சட்டத்தில் ஊர் பேர் இல்லாதவர்களானார்கள். அழகுமுத்துவுக்கு வாக்கு போயிற்று. ஏலியாகுவுக்கும் போயிற்று. வருஷா வருஷம் கொழும்புக்குப் போய், பிறந்த ஊரில் குடியிருக்க அனுமதி கேட்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போது அவருடைய பற்கள் அரைபடும் சத்தம் வெளியே தெருவில் கேட்கும் என்பார்கள். இதை நான் கட்டவில்லை.

ஐம்பத்துநாலில் பறவூர் யூதர்கள் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனார்கள். பறவூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா சிம்ஹாவும் போனாள். அன்றிலிருந்து இவருக்குள் நமைச்சல். பண்டிகையின் முதல் இரவில் "அடுத்த வருஷம் எருசலேமில்" என்று சொல்வது அவர்கள் வழக்கம். தகப்பனார் சாகும்வரை அதைச் சொல்லி, மஸ்கெலியாவுக்கு வந்தபின் ஹட்டனுக்கு அப்பால் போகாமலே செத்தார். அந்த வாக்கியத்தை ஒருமுறையாவது மெய்யாக்க வேண்டும் என்பதே இவருடைய ஆசை. அறுபதாம் வருஷம் அந்தப் பண்டிகைக்குப் புறப்பட்டார்.

போய்வர அனுமதி கேட்கப் போனபோது கொழும்பு அதிகாரி சிரித்தார்.

"யூதனா? உன் நாடு அதுதானே. போனால் அங்கேயே இரு. இங்கே எதற்கு வருகிறாய்?"

"நான் மஸ்கெலியாக்காரன் ஐயா. சாமி கும்பிடப் போறேன். கும்பிட்டுட்டு வருவேன்."

"மூன்று மாதம். அங்கே தங்கிவிட்டாய் என்று தெரிந்தால் இந்தக் கதவு மூடிவிடும்."

வழக்கம்போல மாவை மீராசாஹிபுக்கு விற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு, பம்பாய் போய் அங்கிருந்து விமானம் ஏறினார்.

சிம்ஹா இருந்த குடியேற்றம் மொட்டைக் குன்றின் மேல் தகர வீடுகள். தேயிலை இல்லாத தோட்டம் மாதிரி இருந்தது என்றார். பண்டிகைக்கு இடையில் அக்கா அவரை எருசலேமுக்குக் கூட்டிப் போனாள். பழைய கோயில் இருந்த இடமும் அதன் சுவரும் எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டுப் பட்டாளத்தின் கையில். யூதர் யாரும் போக முடியாது. சீயோன் குன்றின் மேல் ஒரு மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஏலியாகு மாடிக்கு ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். அக்கா தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர்கள் பேசியது மலையாளத்தில். அவர் எங்களுக்குச் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஏண்டா, எங்க பார்த்து நிக்கிற?"

"மேற்க. எப்பவும் மேற்கதான?"

"அட மடையா, மேற்க இருந்தது மஸ்கெலியாவுல! இங்க சாமி உன் முதுகுக்குப் பின்னால இருக்கு. திரும்புடா."

வாழ்நாள் முழுக்கக் கரிக்கோட்டைப் பார்த்து நின்ற கால், எருசலேமிலும் தானாகவே மேற்கே திரும்பியிருக்கிறது. அவர் கிழக்கே திரும்பினார். கூரைகள், ஒரு கோபுரம், வெயில். சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே இருக்கிறதென்று அக்கா விரலால் காட்டினாள்.

"இம்புட்டு தூரம் வந்து எட்டிப் பாக்கத்தானா?" என்று கத்தினாராம். அதுவரை எருசலேம் அவருக்கு வாயால் சொல்கிற ஊர். அந்த மாடியில்தான் அது உடம்புக்குள் போனது. "முள்ளு ஏறுன மாதிரி டீச்சர்" என்பார். "எடுக்கவும் மனசு வரல, வச்சுக்கவும் முடியல." கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அதே கிழக்கில், அந்தக் கூரைகளுக்கும் பாலைவனத்துக்கும் கடலுக்கும் அப்பால், மஸ்கெலியா. ரெண்டும் ஒரே திசையில் வந்து நின்றதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் பலகையைக் குத்துவார்.

வினை ஏழாம் நாள் அந்தியில் வந்தது. அந்த மண்ணில் பண்டிகை ஏழு நாள்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கே எட்டு. வெளியிலிருந்து வந்தவன் அங்கேயே குடியிருக்கப் போகிறவன் என்றால் ஏழோடு முடித்துக்கொண்டு பாண் தின்னலாம். தன் ஊருக்குத் திரும்புகிறவன் எட்டாம் நாளும் தொடக்கூடாது.

சிம்ஹா மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தாள். பறவூர் சனமெல்லாம் சுற்றி நின்றது.

"முதல் பாணு உன் கையாலதான். பிசைடா."

"எனக்கு நாளைக்கும் பண்டிகை அக்கா."

"அப்ப நீ விருந்தாளியா?"

"திரும்பிப் போறவன்."

"எங்க போற? உனக்கு அங்க வாக்கு இருக்கா? நாடு இருக்கா? நாயை வெரட்டுற மாதிரி வெரட்டுறான். ரெண்டாயிரம் வருஷமா நம்ம ஆளுங்க ஏங்குன மண்ணு, வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறேங்குற!"

"அவன் வெரட்டுறதாலதான் போறேன். நான் இங்க தங்குனா அந்தக் கொழும்புக்காரன் சொன்னது சரின்னு ஆயிரும். எருசலேமுக்கு நான் ஆசைப்பட்டு வந்தேன். எவனும் அனுப்பி வரல."

"அப்பா கேட்டிருந்தா..."

"அப்பா அங்கதான் கெடக்காரு. அவரு போட்ட கோடு அங்கதான் இருக்கு. எனக்கு இதுவும் வேணும், அதுவும் வேணும். ஒண்ணை விடுன்னு சொல்ல நீ யாரு, அவன் யாரு?"

சிம்ஹா பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானே பிசைந்தாள். மறுநாள் எல்லோரும் பாண் தின்ன, இவருக்கென்று தனியாகச் சோறு வடித்தாள். தட்டை வைத்த வேகத்தில் அந்தக் குன்று இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். பிளக்காதது சாமி புண்ணியம்.

மூன்று மாதத்துக்குள்தான் கொழும்பில் வந்து இறங்கினார். உள்ளே விடவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அரசாங்கக் கச்சேரியில் போட்டுக் கொடுத்திருந்தான்: மாவை விற்றான், சாவியைக் கொடுத்தான், கடையை முடித்துக்கொண்டு போய்விட்டான். பாண் இல்லாத எரிச்சலில் எங்கள் கடைவீதியில் யார் வாய் அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவரை இழுக்க வேண்டாம்.

ஏலியாகு கொடுத்த தந்தி கிடைத்து மீராசாஹிபும் அழகுமுத்துவும் ரயிலேறிப் போனார்கள். அதே அதிகாரி.

"கடையை நீதானே வாங்கினாய்?"

"கடையில்ல ஐயா, மாவு. வருஷா வருஷம் வாங்குறேன். இத்தனை வருஷத்துல அதுல ஒரு ரொட்டி தட்டுனதில்ல. அது அவங்க பண்டிகைச் சம்பிரதாயம்."

"அப்படியானால் பொய் விற்பனை."

விற்பனை பொய்யென்றால் கடையை முடித்துக்கொண்டு போகவில்லை என்றாகும்; அத்தோடு தப்பித்திருக்கலாம். ஏலியாகு மேசையில் ஓங்கி அடித்தார். "பொய் இல்ல! சத்தியமா வித்தேன். இப்ப அது இவர் மாவு. தரமாட்டேன்னா நான் கேக்க முடியாது."

"வாயை மூடுங்க மொதலாளி" என்று அழகுமுத்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

மீராசாஹிப் மடியிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "நான் பெரிய யாவாரி ஐயா, வித்ததைத் திருப்பி விக்கிறேன். ஒரு ரூபாய் எடுங்க மொதலாளி, ஐயா சாட்சி."

ஏலியாகுவின் பையில் வேறு நாட்டுக் காசுதான் இருந்தது. அழகுமுத்து தன் மடியை அவிழ்த்து ஒரு ரூபாயை வைத்தான். ஏலியாகு சாவியை எடுத்துக்கொண்டார்.

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் நாடு எது? அதைச் சொல்."

"அங்க எட்டாவது நாளும் பாணைத் தொடாம இருந்தேன். எங்க வேதத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான். என் வீடு இங்க."

அதிகாரிக்கு என்ன விளங்கியதோ, அடுத்த ஆட்களை விட வேண்டிய அவசரமோ, ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினார். ஒரு வருஷம்! பிறந்த மண்ணில் பன்னிரண்டு மாதத் தவணை.

அறுபத்துநாலில் இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை எனக்கு. ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டைப் பல் பிடித்துப் பார்ப்பார்கள். எங்கள் முகத்தை எவரும் பார்க்கவில்லை. அழகுமுத்து கண்ணால் காணாத திருச்சிப் பக்கத்துக்கு அவனை அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது.

மறுவருஷம் பண்டிகையின் முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் போறணை அறையில் ஏலியாகு என்னையும் அழகுமுத்துவையும் உட்காரவைத்திருந்தார். முடிவில் எழுந்து, கரிக்கோட்டைப் பார்த்து நின்று, "அடுத்த வருஷம் எருசலேமில்" என்றார். வேண்டுகிறவர் குரலில் அல்ல, வரவேண்டியதைக் கேட்கிறவர் குரலில்.

அழகுமுத்து புளிக்காத ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "நீங்க போகணும்னு கேக்குறீங்க மொதலாளி. என்னைக் கேக்காமயே போகச் சொல்றாங்க. அடுத்த வருஷம் நான் எங்க?"

ஏலியாகு அவன் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"நான் அங்க போனது என் ஆசை. அதை ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்துல கயிறா மாட்டக் கூடாது. கேட்டுக்கடா. இன்னும் எட்டு நாள் இந்தப் போறணை ஆறிக் கெடக்கும். ஒன்பதாம் நாள் நீ வந்து மாவு பிசையிற. அடுத்த வருஷமும் நீதான் பிசையிற. எவனாவது உன்னைக் கூட்டிப்போக வந்தா, பாணு வெந்த பிறகு வரச் சொல்லு."

"வெந்த பிறகு?"

"அடுத்த மாவைப் போடு."