தங்கச்சியின் இடது கால்

சாக்ஸபோன்காரருக்கு அவள் உடன்பிறந்த தங்கை. அதனால் இசைக்குழுவில் எல்லோருக்குமே அவள் தங்கச்சிதான். அவளைவிட இளைய டிரம்மர்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவான். பகலில் சலவைக்கடையில் இஸ்திரி, மாலையில் ஆர்கன். கைகள் மேலே மெட்டைப் பார்த்துக்கொள்ள, இடது கால் ஆர்கனின் கீழே உள்ள மரக்கட்டைகளை மிதித்து, பாட்டைத் தாங்கும் கனத்த கீழ்ஸ்வரமான பேஸை வாசிக்கும். கல்யாணம் வந்தது, போனது. அந்தக் கால் மட்டும் ஓயவில்லை.

அண்ணன் ஒருநாளும் அவளைப் பாராட்டியதில்லை. தான் தனியாக வாசிக்கும் முறை வரும்போது தலையைக் குனிந்துகொள்வாரே தவிர, அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைக்கனம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

அண்ணனின் பெயரில் முதல் சோல் ஜாஸ் இசை ஆல்பம் பதிவாக இருந்தது. பதிவு அறையில் கம்பெனி மேனேஜர் ஒரு பேஸ்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேஸுக்குத் தனி ஆள் இல்லாமல் ஆல்பம் விலைபோகாதாம். தங்கச்சி கையால் மட்டும் வாசித்தால் போதுமாம். அண்ணன் சாக்ஸபோனைத் துடைக்கத் தொடங்கினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இன்று கால் வேண்டாம் என்பவர்கள் நாளை அவளே வேண்டாம் என்பார்கள். வெறும் கைக்கு ஆளா கிடைக்காது?

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காலை ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பேஸ்காரர் நல்ல கை. ஒரு குறை சொல்ல முடியாது. அண்ணனின் முறை வந்தது. தலையைக் குனிந்தார், தொடங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். மறுபடியும் தவறவிட்டார். மூன்றாம் முறை சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டார்.

“நான் அவ காலைப் பாத்துதான் சார் பாட்டுக்குள்ள வருவேன்,” என்றார் மேனேஜரிடம். “குதிகால் எறங்கும்போது மூச்சு எடுப்பேன். அது இல்லாம எனக்கு வாசிக்கத் தெரியாது.”

மேனேஜர் ஏதோ முனகினார். பேஸ்காரர் சிரித்துக்கொண்டே வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, கேட்பதற்கு வாகாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தங்கச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும்தான். “இத்தனை வருஷமா இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையாண்ணா?”

“சொன்னா நீ காலையே நினைச்சுக்கிட்டு இருப்ப. தாளம் போயிடும்.”

ஷூவை மாட்டிக்கொண்டாள். அவர் சொன்னபடியே அடுத்த முறை தடுமாறியது அவள் கால்தான். அண்ணன் நிமிர்ந்து, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு அடுத்த முறை வாசித்ததுதான் ஆல்பத்தில் முதல் பாட்டு.