என் பீலி தானாக விழவில்லை

என் பீலி தானாக விழவில்லை. நீதான் விழுத்தினாய். உன் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதை வாசிக்கிற ஆட்களில் பாதிப்பேர் உன் வீட்டில் சாப்பிட்டவர்கள், மற்றப் பாதி சாப்பிடப் போகிறவர்கள். ஆனால் வாசிக்கும்போது உன் காது சூடேறும். இப்போதைக்கு அது போதும். நீ ஒரு கலியாண மண்டபத்தில் பகிடிக்குச் சொன்ன ஒரு வசனத்தால், ஒரு கோயில் மண்டபத்து வேலை என் கையைவிட்டு வழுக்கிக்கொண்டு போகிறது.

மற்றவர்கள் மன்னிக்கவேண்டும், இந்தத் தொழில் அப்படி. ஒழுகாதவரைக்கும் பீலி பூட்டியவனை ஒருத்தருக்கும் தெரியாது, ஒழுகினால் அவனுடைய பரம்பரையே ஊருக்குத் தெரியும். சுவிஸ் வீடுகளின் கூரையோரம் மழைத்தண்ணியைக் கொண்டுபோகும் தகரப் பீலி பூட்டுவதுதான் என் சீவியம். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான் 2009இல் ஒரு தகரவேலை முதலாளியிடம் போய்ச் சேர்ந்தேன். இப்போது சொந்தமாக ஒரு வான், நல்ல ஏணி, கெட்ட வாய் என்று நிற்கிறேன். பனியில் கை விறைத்து, வாடிக்கையாளருக்கு முன்னால் நாக்கும் விறைத்து நின்ற சக பாவிகளே, இது உங்களுக்காகவும்தான். என் பீலியை விழுத்தினவனுடைய கதை கடைசியில் வரும். ஓடிவிடமாட்டான், வீடு வாங்கிவிட்டான்.

நேரான பீலி

முதலாளியின் பெயர் ரூடி. நல்ல மனிசன், ஆனால் ஒன்றையும் சொல்லித்தர மாட்டார். பார்த்துக்கொண்டு நிற்பார், பிழை விட்டபிறகு சிரிப்பார். முதன்முதலாகத் தனியே ஒரு பக்கம் பூட்டச் சொன்னபோது, ரசமட்டம் வைத்து, கொழுக்கிக்குக் கொழுக்கி பார்த்து, கோடு போட்டமாதிரிப் பூட்டினேன். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு நேராக ஒரு பீலியை அந்த ஊர் கண்டிருக்காது.

ரூடி ஒரு வாளி தண்ணியை மேலே கொண்டுபோய் ஊற்றினார். தண்ணி எங்கேயும் போகவில்லை. குழாய்ப் பக்கமாகச் சற்று வாட்டம் வைக்கவேணும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற ஆளா நான்? "நேரான சாமான் நேராத்தானே இருக்கவேணும்!" என்று எனக்கு வந்த அரைகுறை ஜெர்மனில் கத்தினேன். ரூடி ஏணியில் நின்றபடியே அந்தத் தண்ணிக்குள் விரலை விட்டு அளைந்தார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்: "வடிவாயிருக்கு. எப்ப மீன் விடப்போறாய்?"

உதட்டில் திருகாணி

ஏணியில் நிற்கிறவனுக்குக் கை போதாது. அதனால் திருகாணியை உதட்டில் கவ்விக்கொள்வோம். ஊரில் செய்தால் அது கெட்டித்தனம். தை மாதத்தில், சுவிஸ் மலையடிவாரத்தில் செய்தால் திருகாணி குளிரில் ஒட்டிக்கொண்டு உதட்டைவிட்டு வராது. ஒருநாள் அது அப்படிக் கவ்விய நேரம் பார்த்து, கீழே நின்ற கட்டடக்காரன் ஒருவன் என் ஏணியை ஓரமாக்கச் சொல்லி அதிகாரம் பண்ணினான். எனக்கு வயிற்றிலிருந்து ஏச்சு எழும்பி வருகிறது, வாயில் கதவு பூட்டிக் கிடக்கிறது. கையைக் காட்டி, காலை உதறி, ம்ம் ம்ம் என்று முக்குகிறேன்.

என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசன் மனுவேல் ஏறி வந்து, தன் ஃபிளாஸ்கிலிருந்த கோப்பியை மெல்ல மெல்ல என் உதட்டில் வார்த்துத் திருகாணியைக் கழற்றினான். கழற்றியதும் நான் பாக்கி வைத்திருந்த ஏச்சு முழுவதையும் அந்தக் கட்டடக்காரனுக்குக் கொடுத்தேன். மனுவேல் கையிலிருந்த திருகாணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்: "இதை இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்."

பக்கத்து வீட்டு மினுக்கம்

தனியே தொழில் தொடங்கியபிறகு ஷாஃப்ஹவுசன் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. புதுத் துத்தநாகத் தகரம். வெயில் பட்டால் வெள்ளிப் பாத்திரம்போல மினுங்கும். அரைவாசி பூட்டியிருப்பேன், பக்கத்து வீட்டு அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலியடிக்கு வந்தார். பீலியின் மினுக்கம் தன்னுடைய வரவேற்பறைக்குள் வந்து விழுகிறதாம். பூனையும் குழம்பிப்போய்ச் சுவரைப் பிறாண்டுகிறதாம்.

பேரம் பேசுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். ஏணியால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தேனாகக் கதைத்தேன். "அம்மா, இந்தத் தகரம் மழையிலயும் பனியிலயும் கிடந்து மங்கிப்போம். ரெண்டு குளிர்காலம் போகட்டும், சாம்பல் நிறமாகிடும், பிறகு உங்கடை கண்ணுக்கே தெரியாது." அவர் கவனமாகக் கேட்டார். தலையாட்டினார். வென்றுவிட்டேன் என்று ஏணியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "நல்லது. அப்ப ரெண்டு குளிர்காலம் கழிச்சு வந்து பூட்டுங்கோ."

அம்மாவுக்கு ஒரு குழாய்

அட்லிஸ்வில்லில் எங்கள் ஆட்களின் வீடு. தாய்க்கு வாஸ்து, மகளுக்கு அவசரம். மகள் துளசி இங்கேயே பிறந்தவள், வங்கியில் வேலை. கூரைத்தண்ணி ஈசானமூலையால்தான் இறங்கவேண்டும் என்று தாய் ஒற்றைக்காலில் நிற்கிறார். நிலத்துக்குக் கீழே வடிகால் இருப்பதோ நேர் எதிர் மூலையில். "அக்கா, தண்ணி வாஸ்து பாக்காது, பள்ளம்தான் பாக்கும்" என்றேன். "தம்பி, போன வீட்டிலயும் இப்பிடித்தான் ஒருத்தர் சொன்னவர். அந்த வீட்டில இருந்த காலம் முழுக்க இவருக்கு இடுப்பு நிமிராத நாரிப்பிடிப்பு" என்றார். நாரிப்பிடிப்போடு யார் வாதாடுவது?

கடைசியில் தண்ணி போகும் குழாயை வடிகால் மூலையில் பூட்டினேன். ஈசானமூலையில் இன்னொரு குழாய், அதே தகரம், அதே வடிவு, ஆனால் மேலே பீலியில் ஓட்டை இல்லை. தாய் குழாயடியில் கற்பூரம் கொளுத்தினார். பிறகு நகரசபையிலிருந்து வடிகால் பார்க்க ஒரு மனிதர் வந்தார். இந்தக் குழாயைத் தட்டினார், குனிந்தார், அண்ணாந்தார், மறுபடி தட்டினார். இதற்குள்ளால் என்ன போகிறது என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். துளசி கணினியிலிருந்து தலையை எடுக்காமல், சுத்தமான சுவிஸ் ஜெர்மனில் பதில் சொன்னாள்: "அம்மான்ரை கவலை போகுது."

குசினி யன்னல்

விலை குறைக்கமாட்டேன் என்று ஒருதரம் சொன்னால் சொன்னதுதான். ஆராவ் நகரில் ஒரு தம்பியிடம் அப்படித்தான் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் ஓம் என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும், எங்கள் ஆட்கள் முதல் விலைக்கு ஓம் சொல்வதில்லை. காலை முழுக்க ஈரப்பனியில் நின்று கொழுக்கி அடித்தேன். மத்தியானம் கிட்ட, நேரே என் காலுக்குக் கீழே ஒரு யன்னல் திறந்தது. ஆட்டிறைச்சிக் கறி. அதுவும் யாழ்ப்பாணத் தூள் போட்டு, இரம்பை இலை போட்டு. ஆவி ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தது. யன்னலை மூடச் சொல்லக் குனிந்தவன், புட்டு அவிகிறதா என்று கேட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவுவதற்குள் எப்படியோ விலையையும் குறைத்திருந்தேன். எந்தக் கவளத்தில் குறைத்தேன் என்று எனக்கே தெரியாது. வானில் ஏறும்போது, குளிருக்குள் யன்னலை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். தம்பி வெட்கப்படவேயில்லை: "அண்ணையோடை கதைச்சு வெல்லேலாது, மூக்காலைதான் பிடிக்கவேணும் எண்டு உங்கடை வீட்டிலதான் சொன்னவா."

கூரையில் குந்திய பனி

இனி உன் கதை. உனக்குப் பீலி பூட்டியபோது அதற்குச் சற்று மேலே, கூரையின் குறுக்கே, ஓர் இரும்புக் கம்பியும் பூட்டினேன். இங்கே அதை ஷ்னேஃபாங் என்பார்கள். பனி ஒரேயடியாக வழுக்கி விழாமல் மறித்து வைத்திருக்கும், மெல்ல மெல்ல உருகவிடும். முதல் பனி விழுந்தவுடன் நீ ஃபோன் எடுத்தாய். "அண்ணை, பக்கத்து வீட்டுக் கூரையெல்லாம் துடைச்சமாதிரி இருக்கு, எங்கடையில மட்டும் பனி குந்தியிருக்கு. சனிக்கிழமை சனம் வருது, பாக்கிறவை என்ன நினைப்பினம்?" அவை பழைய வீடுகள், உள்ளிருக்கும் சூடு கூரையால் கசிகிறது, அதனால் பனி உருகுகிறது, உன் வீடு நல்ல வீடு என்று விளக்கினேன். நீ திரும்பவும் அதையே கேட்டாய். "பனி உன்னட்டைச் சோறு கேட்டதோ? விடு, குந்தட்டும்!" என்று கத்திவிட்டு வைத்தேன். அது என் குணம்.

பிறகு ஒரு கலியாண மண்டபம். கோயில் சபைக்காரர் அத்தனை பேரும் இருந்த மேசையில், உன் வீட்டுப் பீலி பனியோடு சேர்ந்து உன் புதுக்காரில் விழுந்த கதையை நீ சொன்னாய். எனக்கு அறிவிக்காமல் வேறு ஆளைக் கொண்டு புதுப்பீலியும் பூட்டியாகிவிட்டது. முடிக்கும்போது என்னைக் காட்டினாய்: "அண்ணை பூட்டினால் தண்ணி இறங்காது, பீலிதான் இறங்கும்." மேசையே குலுங்கியது. கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸை வைத்துவிட்டு எழும்பினேன், மனைவி கோட்டைப் பிடித்து இருத்தினாள். அன்றிலிருந்து சபைத் தலைவர், கோயில் மண்டபத்துப் பீலி வேலைக்காக நான் எடுக்கிற ஃபோனுக்கெல்லாம், "பாப்பம், பிறகு கதைப்பம்" என்கிறார்.

இந்தக் கோடையில் உன் பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர் என்னைக் கூப்பிட்டார். ஏணியில் ஏறினேன். ஏணியிலிருந்து பார்த்தால் ஊரில் ஒரு வளவும் மறைவில்லை. உன் கூரையில் கம்பி இல்லை, அது இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. கண்ணைக் கீழே இறக்கினேன். உன் தோட்டத்தில் ஒரு பாகற்பந்தல். கொடி சும்மா படரவில்லை, என்னுடைய ஷ்னேஃபாங்கில் படர்ந்திருந்தது. கழற்றினது கழற்றினாய், வளைவே இல்லாமல் நட்டிருக்கிறாய், அதைச் சொல்லத்தான் வேண்டும். உன் மனைவி என்னைக் கண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு ஒரு பை பாகற்காய் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். பந்தல் நல்ல பந்தல் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு: "ஓம் அண்ணை, இவர் எங்கையிருந்தோ எடுத்துக்கொண்டு வந்த கம்பி. என்ன பாரம் ஏறினாலும் அசையாது."

சனிக்கிழமைச் சனத்துக்காக நீ கம்பியைக் கழற்றினாய், அதனால்தான் பனி ஒரேயடியாக வழுக்கிப் பீலியையும் இழுத்து விழுத்தியது என்று நானே போய்ச் சபையில் சொல்லலாம். சொன்னால், கோபக்காரன் சாட்டுச் சொல்கிறான் என்பார்கள். உன் மனைவியைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனமில்லை, பாகற்காயும் நல்லாயிருந்தது. அதோடு இன்னொன்று. அந்தக் கூரைக்கு நேர் கீழேதான் உன் தபால் பெட்டி. போன தடவை பனி காரில் விழுந்தது. இந்தக் குளிருக்குத் தபால்காரப் பெண் குனிந்து நிற்கிற நேரம் விழுந்தால், அதையும் பகிடியாகச் சொல்ல உனக்கு ஒரு மேசை கிடைக்காது.

ஆகவே வருகிற ஞாயிறு கோயில் கூட்டத்தில் எழும்பு. கலியாணத்தில் எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாக, கம்பியைக் கழற்றினது நான்தான் என்று சொல். பந்தலுக்கு நான் மூங்கில் கொண்டுவந்து தருகிறேன், ஏணியும் என்னுடையது, பூட்டுக்கூலியும் வேண்டாம், உன் வீட்டுக் குசினி யன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

இத்தனை குளிர்காலம் கூரையோரம் நின்று நான் கண்டது, பனியை மறிக்க ஒரு கம்பி போதும், வாயை மறிக்க எந்தத் தகரவேலைக்காரனாலும் முடியாது என்பதுதான், ஆனபடியால் அந்த வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டு, பனி விழமுதல் என் கம்பியைக் கூரையில் ஏற்று!