இடப்பக்கம் ஒரு குடம்

முத்துத்தாயின் சிரிப்பை முதல் தடவை கேட்கிறவர்கள் எங்கேயோ தகரம் சரிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மேற்கே இருந்த எங்கள் காம்பவுண்டில் பதினோரு குடித்தனம். வாசலை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். மில்லில் வேலை பார்த்த பேயாண்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு வாசலில் அடுப்பு மூட்டி இட்லி அவித்துப் போடுவாள். வந்தவன் முதல் இட்லியை விண்டு வாயில் வைப்பதற்குள் அவன் வீட்டுச் சண்டை முழுவதையும் கேட்டு வாங்கிவிடுவாள். கேட்டதற்கெல்லாம் சிரிப்பு. என் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் அப்படியொன்றும் யோக்கியன் இல்லை.

என் பெயர் ஹாலாஸ்யம். அப்போது ஆபீஸ் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் காம்பவுண்டின் தீர்மான நோட்டு என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் காரைக்குடியில் இருந்தார், எட்டிப் பார்க்க மாட்டார். எங்களுக்கு இருந்ததோ ஒரே குழாய். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் குழாயடியில் கூடி, அந்த மாதம் யார் முதலில் பிடிப்பது, யாருக்கு எத்தனை குடம் என்று முடிவு செய்வோம். கை தூக்கச் சொன்னால் பெண்கள் கூச்சப்பட்டார்கள். மாமனார் நிற்கிற இடத்தில் மருமகள் எப்படிக் கை தூக்குவாள்? அதற்காகத்தான் குடம் வைக்கிற வழக்கம் வந்தது. வீட்டுக்கு ஒரு குடம். சரி என்றால் குழாய்க்கு வலப்பக்கம் வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் இடப்பக்கம். நான் எண்ணி நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டில் ஏழுக்கு நாலு, ஆறுக்கு ஐந்து என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். வாய்ச்சண்டை இல்லாமல் ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் வைகையில் மணல்தான் ஓடியது. தெப்பக்குளத்துக்குள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். ஒன்றரை மணி நேரம் வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நாற்பது நிமிஷமாகக் குறைந்தது. சோணையம்மாளும் மாயக்காளும் குழாயடியில் மோதிக்கொண்டதில் ஒரு பித்தளைக் குடம் நெளிந்து தேங்காய் மூடி மாதிரி ஆயிற்று. ஜூலை மாதக் கூட்டம் அன்றைக்குத்தான். டில்லியில் நெருக்கடி நிலை என்று அறிவித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அதற்கும் எங்கள் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

கூட்டத்தில் எழுந்து யோசனை சொன்னவள் முத்துத்தாய்.

"இப்படி அடிச்சுக்கிட்டுக் கெடக்குறதுக்கு, ரெண்டு மாசத்துக்குக் கார்டு சார்ட்ட பொறுப்பைக் குடுத்துருவோம். அம்புட்டு நீள ரயிலையே ஒத்தக் கொடியில நிப்பாட்டுனவரு. விசிலை ஊதுனாருன்னா நாமளும் வண்டி வண்டியா ஒருத்தி பின்னாடி ஒருத்தி போயிருவோம்ல."

கார்டு சார் என்பது கடைசி வீட்டுப் பட்டாபிராமன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு குடமும் வலப்பக்கம் போய் உட்கார்ந்தன. இடப்பக்கம் வெறும் ஈரத்தரை. நோட்டு பிறந்து அப்படி ஒரு நாள் வந்ததில்லை. எனக்கு ஒரே பூரிப்பு. 'ஏகமனதாக' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் சொர்க்கம். அதை மறைக்கக் கூடாது. நாலரைக்கு விசில். பச்சைக் கொடி காட்டினால் அடுத்த வீடு குடத்தை வைக்கலாம். யாருக்கும் தண்ணீர் தட்டவில்லை. "நான் சொல்லித்தானே வந்துச்சு இந்த ஒழுங்கு" என்று முத்துத்தாய் இட்லி தின்ன வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

செப்டம்பரில் பட்டாபிராமன் என்னைக் கூப்பிட்டார். "ஓய் ஹாலாஸ்யம், ரெண்டு மாசம்னு இருக்கோல்லியோ, அதைத் தண்ணீர் நிலைமை சீராகும்வரைன்னு திருத்தும். இதுக்குப் போய்க் குடத்தைத் தூக்கிண்டு வந்து வைக்கச் சொன்னா நேரம்தான் வீண். யாராவது வேண்டாம்னாளா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நான் திருத்தினேன்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. குழாயில் பழையபடி தண்ணீர் வந்தது. "ஒழுங்கு வந்தது, தண்ணியும் வந்தது. பாத்தேளா" என்றார் அவர். குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி வந்தது. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி அவருடைய பூணூலில் தொங்கியது. ஜனவரி கடைசியில் மெட்ராஸில் மந்திரிசபையைக் கலைத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்ததும், "அங்கேயே கலைச்சாச்சு, நமக்கெதுக்கு மாசாமாசம் கூட்டம்" என்று குழாயடிக் கூட்டத்தையும் கலைத்தார். ஊர்ச் சுவர்களில் பேச்சைக் குறைக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். எங்கள் வேப்பமரத்திலும் ஒரு பலகை தொங்கியது: குழாயடியில் பேசக் கூடாது. மீறினால் சிவப்புக் கொடி. சிவப்புக் கொடி காட்டப்பட்ட வீடு ஒரு வாரம் கடைசியில்தான் பிடிக்க வேண்டும்.

அந்தப் பலகையில் எழுத்தும் என்னுடையதுதான். என் வீட்டுக்கு மூன்றாவது இடம் நிரந்தரமாகக் கிடைத்திருந்தது. "நீங்க எழுதிண்டே இருங்கோ. நாளைக்கு மூச்சு விடப்படாதுன்னு சொல்லுவார், அதையும் அழகா எழுதுங்கோ" என்றாள் என் மனைவி அனந்தலக்ஷ்மி. மூன்றாவது இடத்தில் பிடித்த தண்ணீரில் போட்ட காப்பியை நான் குடித்து முடித்தேன்.

எழுபத்தாறு ஆகஸ்டில்தான் அந்தச் சிரிப்பு. பட்டாபிராமன் பச்சைக் கொடியை உயர்த்திக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார். பாசி. கொடி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், அவர் சோணையம்மாளின் வாளிக்குள் உட்கார்ந்த வாக்கில். பத்துப் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். முத்துத்தாய்க்கு அந்த வித்தை தெரியாது. தகரம் சரிந்தது. தெப்பக்குளம் வரை கேட்டிருக்கும்.

சிவப்புக் கொடி உயர்ந்தது. "நான் பேசவே இல்லையே கார்டு சார், சிரிக்கத்தான செஞ்சேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே நோட்டில் ஒரு வரி ஏறியது: சிரிப்பும் பேச்சே ஆகும். வாழ்நாளில் நான் எழுதிய வரிகளில் அதைப் போல வெட்கப்பட வைத்தது வேறில்லை. அடுத்த வரி: முதல் வீட்டுக்கு மறு உத்தரவு வரை கடைசி இடம்.

கடைசி இடம் என்றால் ஆறு மணி. அதற்குள் காலை ஷிஃப்டுக்காரர்கள் போய்விடுவார்கள். முத்துத்தாய் பிந்தி அடுப்பு மூட்டிப் பார்த்தாள். முந்தின நாள் தண்ணீரை அண்டாவில் சேர்த்துப் பார்த்தாள், கடைசியில் கிடைத்த ஒன்றிரண்டு குடம் வீட்டுக்கே பற்றவில்லை. மீந்தது ஈகூட மொய்க்காத இட்லிப் பானைதான். ஒரு மாதத்தில் அடுப்பு அணைந்தது. வாசல் வெறிச்சென்று ஆனது. சிரிப்புச் சத்தம் இல்லாமல் நான் நன்றாகத் தூங்கலாம் என்று பார்த்தால், நாலரைக்கே விழிப்புக் கொடுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பேயாண்டி ஊருக்கே போய்விடலாம் என்றான். "எங்கய்யா காட்டுல களை எடுத்தாலும் வாயைத் தொறந்து பேசிக்கிட்டு எடுக்கலாம், வா" என்றான். தை பிறந்ததும் சாமான் கட்டுவது என்று பேச்சு. அவள் ஒப்பவில்லை.

"நானா எந்திரிச்சு நானாச் சொன்னது. நான் வச்ச கொடத்தை எடுக்காம எங்கிட்டுப் போறது" என்றாள்.

தை பிறந்த நாலைந்து நாளில் தேர்தல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. அவள் தினம் என் வீட்டு வாசலுக்கு வந்து பேப்பரைப் படிக்கச் சொன்னாள். மார்ச்சில் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கத்து ஓட்டு வேறு மாதிரி விழுந்தது, அது தனிக் கதை. ஆனால் டில்லியில் ஆட்சி மாறிவிட்டது.

"ஏன் சார், அம்புட்டு அதிகாரத்தையும் ஓட்டுப் போட்டே எறக்கிட்டாங்களா? அடிதடி ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை. பெட்டியில காகிதத்தைப் போட்டா, அவ்வளவுதான்."

அவள் திரும்பிக் குழாயைப் பார்த்தாள்.

மறுநாள் காலை நாலரைக்கு விசில். பட்டாபிராமன் கொடிகளோடு வந்தபோது குழாய்க்கு இடப்பக்கம் ஒரு குடம் இருந்தது. முத்துத்தாயின் செப்புக்குடம், புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று. அவள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேசக் கூடாது என்றுதானே சட்டம். அவள் பேசவில்லை.

இடப்பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சோணையம்மாள் தன் குடத்தைக் கொண்டுபோய் அதை ஒட்டி வைத்தாள். அவள் வைத்ததற்காகவே எதிர்ப்பக்கம் வைக்கக்கூடிய மாயக்காள் ஒரு கணம் தயங்கினாள், பிறகு அவளும் இடப்பக்கம் வைத்தாள். நான் யோசித்து முடிப்பதற்குள் அனந்தலக்ஷ்மி எங்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து, ஏழு, பத்து. பட்டாபிராமன் சிவப்புக் கொடியை உயர்த்தினார். யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் அது அப்படியும் இப்படியும் அசைந்தது. அப்போது கடைசி வீட்டுக் கதவு திறந்தது. அவருடைய மனைவி ஸ்யாமளா வந்து, பதினோராவது குடத்தை இடப்பக்கம் வைத்தாள்.

"நீயுமா?" என்றார்.

"ஆத்துக்குள்ளேயும் பேசப்படாதுன்னு பலகை மாட்டறதுக்கு முன்னாடி வெச்சுடலாம்னு வந்தேன்" என்றாள் ஸ்யாமளா.

முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. நானாகக் கூட இருக்கலாம். ஏழு மாதமாக அடைத்துக் கிடந்த தகரமெல்லாம் சரிந்தது. பட்டாபிராமன் பூணூலிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை, ஒன்றரை வருஷமாக இறுகியிருந்தது. ஸ்யாமளாதான் பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தாள்.

சாவி முத்துத்தாயிடம் வந்தது. அதுதான் நியாயம் என்று எல்லோரும் சொன்னோம். வாசலில் மறுபடி அடுப்பு எரிந்தது, மில்காரர்கள் திரும்பி வந்தார்கள். மூன்றாம் நாள் காலை. சோணையம்மாளும் மாயக்காளும் வரிசையில் நின்று ஏதோ சினிமாவைப் பற்றிச் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் சாவியோடு நின்ற முத்துத்தாய், "அங்க என்ன பேச்சு? வரிசையில நின்னா வாயை மூடிக்கிட்டு நிக்கணும்" என்றாள்.

குழாயடி கப்சிப் ஆனது. அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், தேள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

"ஆத்தாடி, மூணே நாளு" என்றாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சார், நோட்டை எடுங்க. ஞாயித்துக்கெழமை கூட்டம். இந்தப் பூட்டும் சாவியும் யார்ட்டயுமே இருக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியோடு வாசலில் காத்திருந்தான். தீர்மானம்: பூட்டு, சாவி, தகரப் பெட்டி எல்லாவற்றையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவது. குடங்கள் வலப்பக்கம் வரிசையாக வந்தன. பத்து. கடைசியில் பட்டாபிராமன், ஸ்யாமளாவிடம் கொடுக்காமல் தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் இடப்பக்கம் வைத்துவிட்டு, "பூட்டு இருக்கணும். இல்லேன்னா மறுபடி குடம் நெளியும். என் அபிப்பிராயம் அதுதான்" என்றார்.

கூட்டத்தில் ஒரே கேலி. மாயக்காள் அந்தக் குடத்தைத் தூக்கி வலப்பக்கம் வைக்கப் போனாள்.

"அதைத் தொடாத" என்றாள் முத்துத்தாய். நான் அவளை அப்படிக் கடுமையாகப் பார்த்ததில்லை. "அன்னைக்கு இந்த எடத்துல ஒரே ஒரு கொடம் இருந்திருந்தா, நமக்கு இம்புட்டும் வந்திருக்காது. அது அங்கனயே இருக்கட்டும். சார், எழுதுங்க."

பத்துக்கு ஒன்று என்று எழுதினேன். இந்தத் தடவை அடிக்கோடு போட்டது அந்த ஒன்றின் கீழே.

இரும்புக்காரன் பெட்டியை மிதித்து நசுக்கித் தராசில் போட்டான். பேரீச்சம்பழம் ஒரு தாள் நிறைய வந்தது. வீட்டுக்கு இரண்டு என்று முத்துத்தாய் பங்கு வைத்துக்கொண்டே வந்தாள். பட்டாபிராமன் முன்னால் வந்ததும் நின்று, அவர் கையில் மூன்று வைத்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் மூணு?" என்றார் அவர்.

"ரெண்டு உங்க வீட்டுக்கு. ஒண்ணு இடப்பக்கத்துக்கு" என்றாள் முத்துத்தாய்.