ஓட்டு பாவா, ஓட்டு!

கவுன்சிலர் பாவா போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது கல்லில் தோசை இருந்தது. திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அழுதேன். எனக்கு அவர் அத்தை மகன். இருக்கும்போதே கிண்டல் பண்ண உரிமை உள்ளவள் நான். செத்துவிட்டார் என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா?

ஏழைகளின் காவலர் என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். நம் தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தார், விளக்கு போட்டார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் போய் நின்றாலும் முதலில் வோட்டர் லிஸ்ட்டைத்தான் விரிப்பார். "லிஸ்ட்ல இல்லாதவன் என் வார்டுலயே இல்ல" என்று சிரிப்பார். நாமும் கூடவே சிரித்தோம்.

அது கரும்பு வெட்டுகிற சமயம். அரக்கோணம் ரோட்டில் என் தள்ளுவண்டி பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு பாவா தோசை தின்றுகொண்டிருந்தார். எதிர்த் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆந்திராவிலிருந்து வெட்டுக்கு வந்தவள், பாம்பு கடித்துவிட்டது. "பாமு, அன்னா, பாமு" என்று அவள் புருஷன் கை கூப்புகிறான். நான் கார் கதவைத் திறந்துவிட்டுக் கத்தினேன்.

"ஓட்டு பாவா, ஓட்டு!"

வாயில் தோசையோடு நிமிர்ந்தார். "ஓட்டா? இவங்க ஓட்டு நகரி பக்கமாச்சே. இங்க ஏது?"

"அய்யோ, காரை ஓட்டு பாவா!"

"ஆங்... ஏதாச்சும் ஆயிடுச்சின்னா நம்ம தலையில விழும்மா. வேற வண்டி பாரு. கொஞ்சம் சாம்பார் ஊத்து."

தக்காளி ஏற்றி வந்த வண்டிக்காரன்தான் நின்றான். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூட அவள் உயிர் தாங்கவில்லை.

இதை நான் சிரிப்புக் கதையாக உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். பாவாவுக்குக் காது மந்தம், ஓட்டு என்றால் ஒன்றுதான் தெரியும் என்று. வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். பொய். ரெண்டாம் தடவை சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டது. அது தெரிந்தும் அடுத்த தேர்தலில் அவருக்கே போட்டேன். சாம்பாரும் ஊற்றினேன், ஓட்டும் போட்டேன். நம்ம பாவா ஆச்சே.

மாலை போட வந்தவர்கள் அவர் நினைவாக ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். என்னிடம் இருப்பது இது. போன வாரம் வெட்டுக்காரி ஒருத்தி வெயிலில் வந்து நின்று தண்ணீர் கேட்டாள். செம்பை எடுக்கிறதுக்கு முன்னால் என் வாய் கேட்டுவிட்டது: "நீ எந்த ஊரு?"