ஒத்திக்கு விட்ட வீடு

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து தெருக்குழாய் நூற்றுப் பத்து தப்படி தூரம். என் மனைவி நாளைக்குப் பன்னிரண்டு குடம் சுமந்தாள். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் குழாயடியில் குடம் போட்டு வைத்தால்தான் முறை வரும். அடுத்த தெருவில் கிணற்றோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று சொன்னதும், தகப்பனார் போட்ட பதினான்கு பவுனையும் கழற்றித் துண்டில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். கேட்டது ஒன்றுதான்.

"நல்ல தண்ணியா, உப்பா?"

"நல்ல தண்ணி" என்றேன். குடித்துப் பார்க்கவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சம்பளம் நூற்றுப் பதினைந்து. வீடு எனக்குக் குடியிருப்பதற்கு இல்லை. மாதம் முப்பது ரூபாய் வாடகை வந்தால் பன்னிரண்டு சொச்சம் வருஷத்தில் முதல் திரும்பிவிடும், அதற்குமேல் வருவதெல்லாம் லாபம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவளிடம் அந்த நோட்டைக் காட்டவில்லை.

விலையும் பத்திரச் செலவும் சேர்த்து நாலாயிரத்து நானூறு. என் சேமிப்பு தொள்ளாயிரம், நகை விற்றது ஆயிரத்து நூறு. மீதி இரண்டாயிரத்து நானூறுக்கு அந்த வீட்டையே ஒத்திக்கு விட்டேன். ஒத்தி என்றால், குடிவருகிறவர் மொத்தப் பணத்தை முன்னால் தருவார். வாடகை தரமாட்டார், நாமும் வட்டி தர வேண்டாம். மூன்று வருஷக் கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பினால் வீட்டைத் திருப்புவார். வட்டியில்லாக் கடன் என்று மகிழ்ந்தேன். வருஷத்துக்கு முந்நூற்றறுபது ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்தது நூற்றுக்குப் பதினைந்து வட்டி. கடைவீதியில் பன்னிரண்டுக்கே கொடுத்தார்கள். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

பத்திரம் அவள் பெயரில் இருந்ததால் ஒத்திக்கு அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. வாங்கினேன். படித்துக் காட்டவில்லை.

குடிவந்தவர் தோல் தரகர், நல்ல மனிதர். அன்று என் மனைவியும் கூட வந்தாள். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"நல்ல தண்ணிதான்" என்று தரகரின் மனைவியிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "நாம எப்ப வாரோம்?"

"மூணு வருஷம்" என்றேன்.

மூன்று வருஷத்தில் நான் சேர்த்தது எழுநூறு. அதுவும் ஒரு மழையில் ஓடு சரிந்து அந்த வீட்டுக்கே போயிற்று. கெடு முடிந்த வாரம் தரகர் வந்தார்.

"வாத்தியாரே, பணத்தக் கொண்டாங்க, சாவி இந்தா இருக்கு. இல்லேன்னா சொல்லிருங்க, எம் பேரனுக்கு உங்க வீட்லயே கல்யாணத்த வச்சுக்கிறேன்" என்று சிரித்தார். அவர் பேரனுக்கு அப்போது ஒரு வயது.

வேறு வழியில்லாமல் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவரிடம் மூவாயிரம் ஒத்தி வாங்கித் தரகருக்குக் கொடுத்தேன். மிச்சம் அறுநூறு கிணற்றைத் தூர்வாரவும் சுவர் எடுக்கவும் சரியாகப் போயிற்று. அந்தத் தண்ணீரை மண்டிக்காரர் வீட்டு மாடு குடித்தது. என் மனைவி குழாயடிக்கே போனாள். எப்போது என்று அதன்பின் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டாம் கெடுவும் வந்தது. கையில் இருநூறுகூட இல்லை.

"ஏனுங்க வாத்தியாரய்யா, நீங்களும் எத்தன நாளைக்குத்தான் தலைவலிய வாடகைக்கு வச்சிருப்பீங்க? எனக்கே கிரயம் பண்ணிக் குடுத்துருங்க" என்றார் மண்டிக்காரர். நாலாயிரத்து முந்நூறு பேசினார். ஒத்தி போக ஆயிரத்து முந்நூறு. அதை வைத்துத் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு மனை வாங்கிவிடலாம் என்று அன்றிரவே நோட்டில் எழுதினேன்.

பத்திர ஆபீசில் ரிஜிஸ்திரார் அவளைக் கேட்டார். "சம்மதமாம்மா? பணம் கைக்கு வந்துச்சா?"

"இல்லங்க" என்றாள்.

பத்திரம் எழுதுகிறவர் குனிந்து, "வந்துச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

"வராதத எப்பிடி வந்துச்சுங்கறது? அவுக பையில இருக்கு."

மண்டிக்காரர் தரையைப் பார்த்தார். ரிஜிஸ்திரார் பேனாவைக் கீழே வைத்தார். நான் பதின்மூன்று நூறு ரூபாய் நோட்டுகளையும் எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் இரண்டு முறை எண்ணி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். திருப்பித் தருவாள் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். தரவில்லை. மனையைப் பற்றிச் சொன்னேன்.

"வீடும் எம் பேர்ல, பணமும் எம் பேர்ல. நீங்க நோட்ட வச்சுக்கங்க" என்றாள்.

மறுநாளே பீப்பாய் வண்டிக்காரனிடம் மாதம் ஆறு ரூபாய்க்குத் தண்ணீர் பேசினாள். வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனான். ஆயிரத்து முந்நூறு பதினெட்டு வருஷத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். இரண்டாம் வருஷமே அவன் எட்டு கேட்டான். என்னைக் கேட்காமலே ஒத்துக்கொண்டாள்.