டேஷ்போர்டில் மினுக்கிய பூட்டு விளக்கு

பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரி யாரையும் ஷாக் அடித்துக் கொன்றதில்லை. அந்த வேலையை வண்டிக்காரர்கள் வாயாலேயே செய்துவிடுவார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த புதுக் கார்களில், பூட்டுப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று டேஷ்போர்டில் மினுக்க ஆரம்பித்தது. திண்டுக்கல் பழனி ரோட்டில் பட்டறை வைத்திருந்த என் நிம்மதி அதோடு போயிற்று. இதே தொழிலில் கிடந்து வேகிறவர்களுக்குச் சொன்னால் புரியும்.

கருப்பு டேப்

தாடிக்கொம்பிலிருந்து ஒரு ரிட்டையர்டு அதிகாரி புதுக் காரோடு வந்தார். பூட்டிவிட்டுப் போனாலும் விளக்கு மினுக்குகிறதாம், பேட்டரி தீர்ந்துவிடுமாம். "சார், வண்டி காவலில் இருக்குன்னு அர்த்தம். திருட வர்றவன் பார்த்துட்டுப் போயிடுவான்" என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்துக் கடையில் கருப்பு டேப் வாங்கி, என் கண் முன்னாலேயே விளக்கின் மேல் ஒட்டினார். "திருடனுக்கு நாமளே லைட் போட்டுக் காட்டணுமாய்யா?"

கூட்டித் தள்ளியது

ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவருக்கு, மகள் நிச்சயதார்த்தத்தன்று கார் கிளம்பவில்லை. என்ஜின் பிடிக்கிறது, உடனே அணைகிறது. சாவி போட்டிருக்கும்போதே விளக்கு படபடவென்று அடித்தது. சாவியை வண்டிக்கு அடையாளம் தெரியவில்லை என்று பொருள். விசாரித்தால், உடைந்துபோன சாவி மூடியை முந்தின நாள்தான் மாற்றியிருக்கிறார். பழைய மூடிக்குள் இருந்த, சாவியை வண்டிக்கு அடையாளம் காட்டும் சில்லைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டார்கள். அது இல்லாமல் வண்டி ஓடாது என்றேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் தொழில் தெரியாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். வியாபாரி மட்டும் பொறுமையாகச் சொன்னார்: "ஏனுங்க, அரிசி தண்டிதானுங்க இருந்துச்சு. அத்தன முக்கியம்னா பெருசாச் செஞ்சிருக்க மாட்டாங்களா?"

அண்ணன் கொடுத்த சாவி

சிறுமலையில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே கார். அண்ணன் டவுனில் குடியிருந்தார். தம்பி மலையில் அம்மாவோடு இருந்தான். எனக்கும் சாவி வேண்டும் என்று தம்பி சண்டை போட்டதால், ரோட்டோரக் கடையில் ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டு, காரை மலை வீட்டில் நிறுத்திப் போயிருந்தார் அண்ணன்.

ஒரு நாள் காலையில் தம்பி எனக்குப் போன் செய்தான். "அண்ணே, அம்மாவுக்கு நெஞ்சு வலி. வண்டி பிடிச்சுப் பிடிச்சு அணையுது. செவப்பு லைட்டு அடிச்சுக்கிட்டே இருக்கு."

சாவியைப் பற்றி விசாரித்தேன். புரிந்துவிட்டது. "அதுல சில்லு இல்ல, கதவைத்தான் திறக்கும் தம்பி. உங்க அண்ணன் வச்சிருக்கிற சாவி வேணும்."

"அவரு போனை எடுக்க மாட்டேங்கிறாருண்ணே."

"அப்ப நிக்காத. வாற வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வா."

"அண்ணனுக்கு இது தெரியுமாண்ணே?" என்றான்.

வாழைத்தார் ஏற்றிய வேனில்தான் அந்த அம்மாவைக் கொண்டுவந்தார்கள். மலையடிவாரம் வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

காரியம் முடிந்தபின், வண்டியில் என்ன கோளாறு என்று பார்க்க அண்ணன் என்னை மலைக்குக் கூட்டிப்போனார். தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது, என்ஜின் ஓடியது. தம்பி வாசலில் மொட்டைத் தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என் பக்கம் திரும்பினார்: "பாத்தீங்களா, வண்டில ஒரு குத்தமும் இல்ல. அவனுக்குத்தான் ஓட்டத் தெரியல."

திருடனுக்குப் பயந்து காருக்குள் ஒரு விளக்கு வைத்தவர்கள், கூடப் பிறந்தவனுக்கு என்று இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.